எந்தச் செயலியில் பேசலாம்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

செய்திச் செயலிகள் பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வட்ஸ்அப், வைபர், டெலிகிராம், சிக்னல் நான்கும் என் போனில் இருக்கின்றன. எதில் அனுப்பினால் வேறு ஆட்கள் பார்க்க முடியாது? சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்.
வாசகர், உவர்மலை

ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் சிக்னல். ஆனால் நீங்கள் பேச வேண்டிய ஆள் அதில் இல்லாவிட்டால் அந்தப் பதிலால் பயன் இல்லை. அதனால் கொஞ்சம் சுற்றி வளைக்கத்தான் வேண்டும்.

அனுப்புபவரின் போனில் பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில் மட்டுமே திறக்கும் முறையை இருமுனை மறைகுறியாக்கம் என்கிறோம். இடையில் இருக்கும் கொம்பனிக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் அது வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். சிக்னலில் எல்லாமே இப்படித்தான் போகும். வட்ஸ்அப்பும் 2016 ஏப்ரலில் இருந்து தனிச் செய்தி, குழு, அழைப்பு எல்லாவற்றுக்கும் சிக்னல் உருவாக்கிய அதே முறையைத்தான் பயன்படுத்துகிறது. வைபரும் 2016இல் தனி உரையாடலுக்கும் சாதாரணக் குழுவுக்கும் இதைக் கொண்டுவந்தது. வைபரின் ‘கொமியுனிட்டி’களும் சனல்களும் இதற்குள் அடங்காது.

டெலிகிராம்தான் பலர் தவறாக விளங்கிக்கொண்ட செயலி. ‘ரகசியமானது’ என்ற பெயர் அதற்கு எப்படியோ வந்துவிட்டது. உண்மையில் அதன் சாதாரண உரையாடல்கள் அந்தக் கொம்பனியின் சேவையகத்தில் கிடக்கின்றன. திறக்கும் வழியும் கொம்பனியிடமே இருக்கிறது. இருமுனைப் பூட்டு வேண்டுமென்றால் அந்த ஆளின் புரொபைலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஸ்டார்ட் சீக்ரெட் சாட்’ என்பதைத் தனியாகத் தொடங்க வேண்டும். அதுவும் இருவருக்கிடையில் மட்டும்தான். டெலிகிராம் குழு எதற்கும் அந்த வசதி கிடையாது. அதன் நிறுவனர் 2024 ஓகஸ்டில் பிரான்ஸில் கைதான பிறகு, சட்டப்படி கேட்டால் பயனரின் தொலைபேசி இலக்கத்தையும் ஐபி முகவரியையும் (அவரது இணைய இணைப்பைக் காட்டும் எண்) அதிகாரிகளுக்குக் கொடுப்போம் என்று விதியையும் மாற்றிக்கொண்டார்கள். செய்தி சனல் பார்க்கவும் பெரிய பைல் அனுப்பவும் டெலிகிராம் நல்லது. சொந்த விடயத்துக்கு வேண்டாம்.

அப்படியானால் வட்ஸ்அப்புக்கும் சிக்னலுக்கும் என்ன வித்தியாசம்? பூட்டு ஒன்றுதான், பூட்டுக்கு வெளியே இருப்பவைதான் வேறு. உங்கள் தொடர்பு இலக்கங்கள், எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள், குழுவின் பெயர், புரொபைல் படம், எப்போது ஒன்லைனில் இருந்தீர்கள், எந்த இணைப்பிலிருந்து வந்தீர்கள் போன்ற விபரங்கள் வட்ஸ்அப்பின் மறைகுறியாக்கத்துக்குள் வராது. பேஸ்புக்கின் தாய்க் கொம்பனிதான் அதற்கும் சொந்தக்காரர். சிக்னலை இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நடத்துகிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று ஒரு பயனரின் விபரங்களைக் கேட்டபோது, அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய திகதி, கடைசியாக இணைந்த திகதி. வேறு எதையும் அவர்கள் சேமித்து வைத்திருக்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இங்கே சாதாரண ஆட்களின் செய்தி வெளியே போவது மறைகுறியாக்கத்தை உடைத்தல்ல. போனை யாரோ எடுத்துப் பார்ப்பதாலும், பூட்டப்படாத ‘பக்கப்’ (உரையாடல்களின் சேமித்த பிரதி) மூலமும், கணக்கைப் பதியும்போது வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கோ சொல்லிவிடுவதாலும்தான் போகிறது. எனவே வட்ஸ்அப்பை விட முடியாதவர்கள் இன்றைக்கே மூன்று இடங்களைத் திருத்துங்கள்.

முதலாவது பக்கப். உங்கள் வட்ஸ்அப் உரையாடல்கள் கூகுள் கணக்குக்கோ ஐகிளவுடுக்கோ போய்ச் சேரும்போது, நீங்களாகச் சொல்லாவிட்டால் இருமுனைப் பூட்டு இல்லாமல்தான் போகும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பக்கப், ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பக்கப்’ என்று போய் ‘டேர்ன் ஒன்’ கொடுங்கள். கடவுச்சொல்லா, 64 இலக்கச் சாவியா என்று கேட்கும். கடவுச்சொல்லே போதும். அதைத் தாளில் எழுதி அடையாள அட்டைப் பிரதிகளோடு வையுங்கள். போனும் தொலைந்து கடவுச்சொல்லும் மறந்தால் பழைய உரையாடல் போனதுதான். கொம்பனியாலும் மீட்க முடியாது. இன்னொன்று, நீங்கள் பூட்டினாலும் மற்றவர் பூட்டவில்லை என்றால் உங்கள் வார்த்தைகள் அவரது பக்கப்பில் திறந்தே கிடக்கும். முக்கியமான ஆட்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லிச் செய்விக்க வேண்டும்.

இரண்டாவது, அக்கவுன்ட் பகுதியில் ‘டூ-ஸ்டெப் வெரிபிகேஷன்’. ஆறு இலக்கப் ‘பின்’ (இரகசிய எண்) ஒன்றை வையுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். கேட்கும்போது மின்னஞ்சலும் கொடுங்கள். பின் மறந்தால் அதுதான் கைகொடுக்கும்.

மூன்றாவது, ‘லிங்க்ட் டிவைசஸ்’. நான்கு கருவிகள் வரை இங்கே இணைக்கலாம். நீங்கள் அறியாத கணினியோ பிரவுசரோ அந்தப் பட்டியலில் இருந்தால், அதைத் தொட்டு ‘லொக் அவுட்’ கொடுங்கள். வேலைத்தலக் கணினியிலோ கொமியுனிகேஷன் கடையிலோ எப்போதோ திறந்துவிட்டு மறந்தது இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் மீனவர் சங்கச் செயலாளரின் வட்ஸ்அப்பில் இருந்து ‘அவசரமாக 40,000 ரூபாய் போடுங்கள், நாளை தருகிறேன்’ என்று எல்லோருக்கும் செய்தி போனது. இரண்டு பேர் அனுப்பியும் விட்டார்கள். போன் அவர் கையிலேயே இருந்தது. இது எப்படி நடந்தது?
வாசகர், திருக்கடலூர்

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எது நடந்தது என்பதை அவரது போனே காட்டும்.

அவருடைய வட்ஸ்அப் தானாக வெளியேறி, இலக்கத்தைப் புதிதாகப் பதியச் சொல்கிறது என்றால், ஆறு இலக்கக் குறியீடு கைமாறிவிட்டது. கள்ளன் தன் போனில் வட்ஸ்அப்பைப் போட்டு உங்கள் செயலாளரின் இலக்கத்தைக் கொடுத்திருப்பான். குறியீடு செயலாளரின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும். பிறகு, ஏற்கெனவே பிடிபட்ட இன்னொரு நண்பரின் கணக்கில் இருந்து, “அண்ணை, என்ர நம்பருக்கு வர வேண்டிய கோட் தவறி உங்களுக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்புங்கோ” என்று கேட்டிருப்பான். தெரிந்த பெயரிலிருந்து வந்ததால் யோசிக்காமல் அனுப்பியிருப்பார். குலுக்கல் பரிசு, சூம் கூட்டம், உதவிப் பணம் என்று சொல்லும் சாக்கு மாறும். கேட்பது அதே ஆறு இலக்கத்தைத்தான்.

அவருடைய வட்ஸ்அப் வழமைபோல வேலை செய்துகொண்டே செய்தி போயிருந்தால், அவருக்குத் தெரியாமல் ஒரு கருவி இணைக்கப்பட்டிருக்கிறது. கியூஆர் படத்தை ஸ்கேன் செய்யவைத்தோ, எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றை வட்ஸ்அப்புக்குள் தட்டவைத்தோ இதைச் செய்வார்கள். இரண்டில் இதுதான் மோசம். முதல் வழியில் பழைய உரையாடல் கள்ளனுக்குத் தெரியாது. அது போனிலும் பக்கப்பிலும் தான் இருக்கும். இணைக்கப்பட்ட கருவிக்கோ அண்மைக்காலச் செய்திகளும் சேர்ந்து போய்விடும்.

மீட்பது இப்படி. முதல் வகை என்றால் அவருடைய போனில் அதே இலக்கத்தை மறுபடி பதியுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைத் தட்டிய அந்த நொடியே கள்ளன் வெளியேறிவிடுவான். அதன் பிறகு நீங்கள் வைக்காத ஒரு பின்னைக் கேட்டால், கள்ளன் அதை வைத்துவிட்டான் என்று அர்த்தம். பின் இல்லாமல் உள்ளே வர 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளும் கள்ளனாலும் அதைப் பயன்படுத்த முடியாது, பயப்படத் தேவையில்லை. ‘அதிக முறை முயன்றுவிட்டீர்கள்’ என்று நேரம் காட்டினால் அது முடியும்வரை விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப அழுத்தினால் காத்திருப்பு நீளும். இரண்டாவது வகை என்றால் ‘லிங்க்ட் டிவைசஸ்’ போய் எல்லாவற்றையும் லொக் அவுட் செய்தாலே போதும்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. *21* என்று தொடங்கி ஓர் இலக்கத்தோடு முடியும் எண் வரிசையை “இதை டயல் பண்ணுங்கோ” என்பார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்களின் இலக்கத்துக்குத் திருப்பிவிடும். வட்ஸ்அப் குறியீட்டைக் குரல் அழைப்பிலும் பெறலாம் என்பதால் அது நேரே அவர்களிடம் போகும். *#21# அடித்தால் அழைப்பு திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

பணம் அனுப்பிய இருவரும் முதலில் தங்கள் வங்கியை அழைக்க வேண்டும். கணக்கு இலக்கம், நேரம், வங்கிச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு பொலிஸில் முறைப்பாடு. கணக்கை மீட்க வழிகாட்டல் வேண்டுமானால் இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 இலக்கத்தில் அழைக்கலாம். ஸ்கிரீன்ஷொட் எடுக்காமல் எந்தச் செய்தியையும் அழிக்க வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம்: காசு கேட்டுச் செய்தி வந்தால், சாதாரண அழைப்பில் குரலைக் கேட்காமல் யாரும் போடுவதில்லை. இதைச் செயலி எதுவும் செய்துதராது.

மகன் டுபாயில் வேலை. வட்ஸ்அப்பில் எழுதினால் வருகிறது, கதைக்க முடியவில்லை. ஐமோ, பொட்டிம் என்கிறார். அவை பாதுகாப்பா?
வாசகி, மூதூர்

ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புக்கு அனுமதி பெற்ற செயலிகள் மட்டுமே ஓடும். வட்ஸ்அப்பின் எழுத்து, படம், குரல் பதிவு போகும், அழைப்பு போகாது. பொட்டிம் அனுமதி பெற்றது. அதில் பேசுவதைச் சாதாரண வெளிநாட்டு அழைப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுகம் விசாரிக்கவும் பேரப்பிள்ளையைக் காட்டவும் போதும். ஐமோவிலும் எல்லாம் தானாகப் பூட்டப்பட்டுப் போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடவுச்சீட்டுப் பிரதி, வங்கிக் கணக்கு, சம்பளப் பிரச்சினை, முதலாளி மீதான முறைப்பாடு போன்றவற்றை வட்ஸ்அப் எழுத்திலோ குரல் பதிவிலோ அனுப்பச் சொல்லுங்கள். அவை அங்கிருந்தும் இருமுனைப் பூட்டோடுதான் வரும். அந்த உரையாடலுக்கு மட்டும் ‘டிஸப்பியரிங் மெசேஜஸ்’ வையுங்கள். 24 மணி, 7 நாள், 90 நாள் என்று தெரிவு உண்டு. மகனின் போனைத் தங்குமிடத்தில் மற்றவர்களும் எடுப்பார்கள் என்றால் 24 மணி நல்லது. தடையைத் தாண்ட விபிஎன் (இணைப்பை வேறு இடத்தினூடாகத் திருப்பும் செயலி) போடச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், அங்கே அதற்குக் கடும் தண்டப்பணம் வரக்கூடும் என்பதை மகன் அறிந்திருக்கட்டும்.

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். வெளிநாட்டவர்கள் கடவுச்சீட்டுப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போனை மூன்று பேர் பாவிக்கிறோம். சிக்னலுக்கு மாறினால் சரியாகுமா?
வாசகர், உப்புவெளி

ஆகாது. படம் பத்திரமாகத்தான் வருகிறது. வந்த பிறகுதான் சிக்கல். வட்ஸ்அப்பில் வந்த கடவுச்சீட்டு தானாக கலரிக்குள் விழுகிறது. அந்தப் போனில் கூகுள் போட்டோஸ் ‘வட்ஸ்அப் இமேஜஸ்’ கோப்புறையையும் பக்கப் எடுக்கும்படி இருந்தால், படம் இணையத்துக்கும் ஏறிவிடும். போனை அமைத்துத் தந்த கடைக்காரரின் ஜிமெயிலே இன்னும் உள்ளே இருந்தால், யாரோ ஓர் ஐரோப்பியரின் கடவுச்சீட்டு கடைக்காரரின் கணக்கில் கிடக்கும். சீசன் முடியும்போது அப்படி நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், சாட்ஸ் போய் ‘மீடியா விசிபிலிட்டி’யை நிறுத்துங்கள். கூகுள் போட்டோஸ் பக்கப் பட்டியலில் அந்தக் கோப்புறையை எடுத்துவிடுங்கள். போனில் விடுதிக்கென்று ஒரு தனிக் கூகுள் கணக்கு மட்டும் இருக்கட்டும். பிரைவசி பகுதியில் ‘டிஃபோல்ட் மெசேஜ் டைமர்’ஐ 7 நாளுக்கு வைத்தால், இனித் தொடங்கும் தனி உரையாடல்கள் தாமாக அழியும், ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தனித்தனியாக வைக்க வேண்டும். ஆனால் கலரியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட படத்தை அந்த டைமர் தொடாது. அதைக் கையால்தான் அழிக்க வேண்டும், குப்பைக் கூடையிலிருந்தும்.

மூன்று பேருக்கு ஒரு போன் வேண்டாம். முதன்மைப் போன் உங்களிடம் இருக்கட்டும், மற்ற இருவரும் இணைக்கப்பட்ட கருவியாகச் சேரட்டும். ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே பட்டியலிலிருந்து நீக்கலாம். முதன்மைப் போன் 14 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் மற்றவை தாமாகத் துண்டிக்கப்படும் என்பதையும் மனதில் வையுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பதிவேட்டுக்குத் தேவையானதை எழுதிக்கொண்டு படத்தை அழிப்பதே நல்ல வழக்கம்.

டியூஷன் வகுப்புக்கு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். மாணவிகளின் இலக்கம் எல்லோருக்கும் தெரிவதால் பிள்ளைகளுக்குத் தெரியாத ஆட்களிடமிருந்து அழைப்பு வருகிறது.
ஆசிரியை, செல்வநாயகபுரம்

குழு என்றால் இலக்கம் தெரியும். அதை மறைக்கும் பொத்தான் வட்ஸ்அப் குழுவில் இல்லை. நீங்கள் அறிவிப்பு மட்டும் போடுவதென்றால் வட்ஸ்அப்பில் ‘கொமியுனிட்டி’ (பல குழுக்களை ஒன்றாக வைக்கும் வசதி) தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவில் மட்டும் பெற்றோரைச் சேருங்கள். அங்கே உறுப்பினர் இலக்கங்கள் மற்ற உறுப்பினர்களுக்கு மறைந்திருக்கும், நிர்வாகிக்கு மட்டும் தெரியும். அதே கொமியுனிட்டிக்குள் கேள்வி-பதில் குழு ஒன்றைத் திறந்தால் அதில் இலக்கம் மறுபடி வெளியே வந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். வட்ஸ்அப் சனலும் இலக்கத்தை மறைக்கும், ஆனால் சனலுக்கு இருமுனை மறைகுறியாக்கம் இல்லை. பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலை அதில் போட வேண்டாம்.

இருபக்கமும் பேச வேண்டும் என்றால் சிக்னல் குழுதான் சரி. 2024 பெப்ரவரியில் இருந்து சிக்னலில் இலக்கம் இயல்பாகவே மறைந்திருக்கும், பெயர் மட்டும் தெரியும். பிரைவசி, ‘போன் நம்பர்’ பகுதியில் ‘இலக்கத்தை வைத்து யார் என்னைத் தேடலாம்’ என்பதையும் ‘நோபொடி’ ஆக்கச் சொல்லுங்கள். பதியும்போது ஒரு இலக்கம் கட்டாயம் வேண்டும். அது தாயின் இலக்கமாக இருப்பது சிறிய பிள்ளைகளுக்கு நல்லது.

குழு லிங்கை பேஸ்புக்கில் போட்டிருந்தால் இப்போதே ‘ரீசெட் லிங்க்’ கொடுங்கள். பழைய லிங்க் அந்த நேரமே செத்துவிடும்.

சிக்னலை நம்பி எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். போன் கடலில் விழுந்தது. புதிய போனில் எல்லாம் வெறுமை.
வாசகர், நிலாவெளி

சிக்னலில் உரையாடல்கள் உங்கள் போனில்தான் இருக்கும். அதன் பலமும் அதுதான், உங்களுக்கு நடந்ததும் அதனால்தான். இலக்கமும் பின்னும் இருந்தால் புரொபைல், செட்டிங்ஸ் போன்றவை திரும்பும், செய்திகள் திரும்பாது. அண்ட்ரொய்டில் பக்கப்பை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். போனுக்குள்ளேயே சேமிக்கும் முறைக்கு 30 இலக்கக் கடவுத்தொடர் தருவார்கள். அந்தப் பைலை மாதம் ஒருமுறை கணினிக்கோ பென் டிரைவுக்கோ மாற்றாவிட்டால் அதுவும் போனோடு கடலுக்குள்தான் போகும். சிக்னல் 2025 செப்டெம்பரில் இணையவழிப் பக்கப் வசதியையும் அறிமுகப்படுத்தியது. அதற்கு 64 எழுத்து மீட்புச் சாவி. இரண்டிலும் சாவி இல்லாமல் திறக்க வழியே இல்லை. பழைய போன் வேலை செய்யும்போதே புதியதுக்கு மாறுபவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘டிரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்’ கொடுத்தால் வேலை முடிந்தது.

பழைய சிம்மை ஒரு வருடமாகப் பாவிக்கவில்லை. அந்த இலக்கத்தில் வட்ஸ்அப் மட்டும் ஓடுகிறது. பிரச்சினையா?
வாசகர், கிண்ணியா

ஆம். பாவிக்காத இலக்கத்தை தொலைபேசிக் கொம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அவர் வட்ஸ்அப் பதிந்தால் குறியீடு அவருக்குத்தான் போகும். இன்றே அக்கவுன்ட் பகுதியில் ‘சேஞ்ச் நம்பர்’ கொடுத்துப் புதிய இலக்கத்துக்கு மாறுங்கள். குழுக்களும் கூடவே வரும். வங்கி, மின்னஞ்சல் இவற்றில் பழைய இலக்கம் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

2019இலும் 2022இலும் சமூக ஊடகங்களை முடக்கியதுபோல மறுபடி நடந்தால் எந்தச் செயலி ஓடும்?
வாசகர், தம்பலகாமம்

2018 மார்ச்சிலும் அப்படி நடந்தது. எது தப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முடக்குபவர் எதைப் பட்டியலிடுகிறாரோ அது நிற்கும். சிக்னலிலும், 2023 ஜனவரியில் இருந்து வட்ஸ்அப்பிலும், ‘புரொக்சி’ (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் கணினி) முகவரி போடும் இடம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்பகமான ஒருவர் நடத்தும் புரொக்சியைப் போட்டால் செய்தி அந்த வழியால் போகும். புரொக்சி நடத்துபவரால் செய்தியைப் படிக்க முடியாது, நீங்கள் இணைந்ததை மட்டும் அறிவார். முடக்கம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. முகவரியை முன்பே வாங்கி எழுதிவையுங்கள். மொபைல் இணையத்தையே முழுதாக நிறுத்தினால் எதுவும் ஓடாது, எஸ்எம்எஸ்தான். அதில் எந்தப் பூட்டும் இல்லை.

போன் திரை உடைந்துவிட்டது. திருத்தக் கொடுக்கும்போது வட்ஸ்அப்பை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா? கடைக்காரர் பின்னையும் கேட்கிறார்.
வாசகி, பாலையூற்று

அழிக்கத் தேவையில்லை, பின்னும் கொடுக்க வேண்டாம். திரை மாற்ற பின் அவசியமே இல்லை. தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்கப் பூட்டுத் திரையும் ‘எமெர்ஜென்சி’ விசைப்பலகையும் போதும். சம்சுங் போன் என்றால் பட்டரி அண்ட் டிவைஸ் கெயர் பகுதியில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ இருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால் போன் வெறுமையாகத் திறக்கும். படமும் செய்தியும் கடைக்காரருக்குத் தெரியாது. உங்கள் பின்னைப் போட்டுத்தான் அதிலிருந்து வெளியே வர முடியும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். திரை முற்றிலும் இருண்டு எதையும் தொட முடியாத நிலை என்றால், கடையிலேயே இருந்து, திரை மாறியதும் பின்னை நீங்களே தட்டிச் சோதித்து வாங்குங்கள்.